பரிசளிப்பு மெட்டு

நம் தொழிற்சாலை பேண்டில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இரண்டு பேர் போன வாரம் ஸ்ரீரங்கத்தில் என் வீடு தேடி வந்திருந்தார்கள். ஒருவர் கையில் டேப்லெட். அதில் எந்தெந்த தேசத்துக் குழுக்களோ வாசிக்கிற சோலோக்கள், அதாவது தனி ஆள் வாசிப்புகள், நோட்ஸோடு வரிசையாக இருந்தன. குடியிருப்பின் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு அவற்றில் எதை வைக்கலாம் என்று என் அபிப்பிராயம் கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் போட்டும் காட்டினார்கள். எல்லாம் அருமையாகத்தான் இருந்தன. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பரிசு குடுக்கும்போது என்ன வாசிக்கப் போறீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “அதுக்கென்ன மாஸ்டர், அந்த நேரத்துக்கு ஏதாவது வாசிச்சுக்கலாம்.”

அந்த ‘ஏதாவது’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. காபி ஆறுவதற்குள் இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டேன். ரிட்டையர் ஆனால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குச் சம்பளம்தான் குறைந்தது. அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் திட்டுவது அநியாயம். இனிமேல் பேண்டுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கப் போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்தக் காரணத்தை எழுதுகிறேன்.

பேண்ட் மாஸ்டருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கச்சேரிக்காரர்கள் காதுக்கு வாசிக்கிறார்கள். நாம் காலுக்கு வாசிக்கிறோம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் எங்கள் செட் வாசித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளையின் மாமாவுக்கு எதுவும் வேகமாக இருக்க வேண்டும். “ஜோரா அடிங்க சார், என்ன தூங்கறீங்களா?” என்றார். ஜோராகவே அடித்தோம். சித்திர வீதி திரும்புவதற்குள் ஊர்வலத்தின் முன்பாதி எங்களோடு ஓடிவந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெரியவர்களும் வெகுதூரம் பின்னால். யாரும் ஓடச் சொல்லவில்லை. எங்கள் மெட்டு சொன்னது, அவர்கள் கால் கேட்டது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி, நான் ரிட்டையர் ஆவதற்கு முன்னால் நடந்த ஒரு விளையாட்டு விழாவுக்கு வருகிறேன். அந்த வருடம் எங்கள் நட்சத்திரம் ஜமால் பாய். பாலக்கரைக்காரர், மெஷின் ஷாப்பில் ஃபிட்டர், கார்னெட் என்கிற சின்னப் பித்தளை ஊதுவாத்தியத்தைக் கையில் எடுத்தால் வேறு மனிதர். அவருக்காக ஒரு வெளிநாட்டு சோலோவைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் தாளில் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். பாய் அதை மாதக்கணக்கில் ஷிஃப்ட் முடிந்ததும் டூல் ரூமில் நின்று சாதகம் செய்தார். பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிற விழா அது. பேண்டே அந்த சோலோவுக்காகக் காத்திருந்தது.

பரிசளிப்புக்கு என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. விழாக் குழுச் செயலாளர் மட்டும், “புதுப் படப் பாட்டு ஒண்ணு போட்டுருங்க மாஸ்டர், கலகலன்னு இருக்கும்” என்றார். ஒத்திகையில் போட்டோம். கலகலப்புக்குக் குறைவே இல்லை. பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வரிசைகள் மோதிக்கொண்டன. விளையாட்டு ஆசிரியை எஸ்தர் டீச்சருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து ஒரு மெட்டு எழுதினேன். எட்டே எட்டு பார், எட்டுத் தாளக் கட்டங்களில் முடிந்துவிடும். யாருக்கும் வார்த்தை தெரியாத, ஆடத் தோன்றாத மெட்டு. ஒரு சின்னப் பிள்ளை நடக்கிற வேகம். ஒற்றை கார்னெட், வேறு எதுவும் இல்லை.

டீச்சர் அதற்கு ஒரு ஒழுங்கு வைத்தார். மெட்டு ஒருமுறை ஒலித்தால் ஒரு வரிசை எழ வேண்டும், இடப்பக்கம் திரும்ப வேண்டும், கயிறு கட்டிய பாதையில் நடந்து மேடைப் படிக்கு வர வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய பிள்ளைகள் முதலில். மேடைக்கு நேர் முன்னால் இருக்கிற ஒன்றாம் வகுப்பு கடைசியில். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

“சின்னதுங்களுக்கு முதல்ல குடுத்தா என்ன டீச்சர்?”

“சின்னது எழுந்து நின்னா முதல்ல அம்மாவைத்தான் தேடும் சார். பின்னாடி ஓடும். உட்கார்ந்திருந்தா மேடையை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கும்.”

அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

பாய்க்கு மட்டும் வருத்தம். “இந்த எட்டு பாருக்கு நான் எதுக்கு மாஸ்டர்? ரெண்டாவது கார்னெட்டு போதுமே. சோலோவுக்கு வெச்சிருக்கற உதட்டை இதுல செலவு பண்ணணுமா?”

இரண்டாவது கார்னெட்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு வேகம் பிடித்துவிடும். “நீங்கதான் வாசிக்கணும் பாய்” என்று முடித்துவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் தானாகவே சிரித்தார். அவர் மகள் நஸ்ரின் ஒன்றாம் வகுப்பு. தவளை ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். “போகட்டும், எம்பொண்ணு கப்பு வாங்கும்போது அத்தாவே வாசிச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

விழா அன்று மைதானம் நிறைந்திருந்தது. மைதானத்துக்கு இரண்டு வாசல்கள். வலப்பக்கம் கார் வருகிற பெரிய வாசல். இடப்பக்கம், மேடைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் சேர்ந்து நடக்கக்கூடிய சின்ன வாசல். மேடைக்கும் கூட்டத்துக்கும் மேலே ஒரே கீற்றுப் பந்தல். எங்கள் பேண்டும் மேடையிலேயே. ஜமுக்காளத்தில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளில் பெற்றோர். மேடைக்கு வலப்பின்புறம், பெரிய வாசலை ஒட்டி, பஜ்ஜி போடுகிற சமையல் கொட்டகை. தடுப்பாக ஒரு படுதா மட்டும். அந்தக் கொட்டகையை அங்கே போட்டது யார் யோசனையோ, எனக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேச்செல்லாம் முடிந்து, அடுத்து சோலோ. பாய் எழுந்து நின்று உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அப்போது படுதாவுக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு அலறல். திரும்பிப் பார்த்தால் கொட்டகைக்கு மேலே கரும்புகை. எண்ணெய்ச் சட்டியில் தீ. யாரோ புத்தியாக மெயினை அணைத்தார்கள். அதனால் விளக்கும் போயிற்று, மைக்கும் போயிற்று.

முதல் சில நொடிகள் யாரும் ஓடவில்லை. எழுந்து நின்று பார்த்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒரு குரல் “சிலிண்டர்! சிலிண்டர் இருக்கு!” என்று கத்தியது. அந்த ஒரு வார்த்தைக்கு நாற்காலிகள் சடசடவென்று விழுந்தன.

என்ன நடக்கப்போகிறது என்று மேடையிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெரிய வாசல் பக்கம் நெருப்பு. மிச்சமிருப்பது சின்ன வாசல். பெற்றோர் பிள்ளைகளைத் தூக்க முன்னால் பாய்வார்கள். பிள்ளைகள் அம்மாவைத் தேடிப் பின்னால் ஓடுவார்கள். இரண்டு கூட்டமும் நடுவில் மோதும். காற்று அப்போதைக்குப் புகையை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நெருப்பு வந்து சேர்வதற்கு முன்னால் கால்களே பிள்ளைகளை மிதித்துவிடும். மைக் இல்லாத அந்த மைதானத்தில் எல்லோருக்கும் கேட்கிற ஒரே குரல் எங்கள் பேண்டுதான்.

பாதுகாப்பு அதிகாரி இரண்டே எட்டில் மேடை ஏறினார். ராணுவத்தில் இருந்தவர்.

“மாஸ்டர், தேசிய கீதம் வாசிங்க! அத்தனை பேரும் அப்படியே நிப்பாங்க!”

நல்ல யோசனைதான். குச்சியைக்கூடத் தூக்கிவிட்டேன். தூக்கிய கை அப்படியே நின்றது. நம் ஊரில் எந்த விழாவிலும் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி தேசிய கீதம். அது ஒலிக்கும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். ஒலித்து முடிந்த நொடியில் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்புவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் அது.

“நிப்பாங்க சார். முடிஞ்ச உடனே எங்க போவாங்க? ஒரே நேரத்துல, அந்தச் சின்ன வாசலுக்கு!”

அவர் முகம் மாறியது. புரிந்துகொண்டார். “அப்ப என்ன பண்றது?”

மார்ச் வாசித்தால் மாப்பிள்ளை அழைப்புக் கதைதான், ஓடுவார்கள். உருக்கமாக எதையாவது வாசித்தால் கல்லறைக்குப் போகிற பேண்ட் என்று நினைத்து அலறுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எழவும் திரும்பவும் வரிசையாக நடக்கவும் சொல்லிக்கொடுத்த மெட்டு ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

“பரிசளிப்பு சார். பிள்ளைங்க வரிசையா வெளிய வருவாங்க. நீங்க பின்னாடி போய்ப் பெத்தவங்களை நிறுத்துங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது.”

அவர் குதித்து ஓடினார். படிக்குப் பக்கத்தில் நின்ற எஸ்தர் டீச்சரைப் பார்த்து, சின்ன வாசலைக் கையால் காட்டினேன். அந்த அம்மாள் அதற்குமேல் விளக்கம் எதிர்பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் திரும்புகிற இடத்தில் போய் நின்றார்.

ஜமால் பாய் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே ஒரு காலை மேடைக்குக் கீழே வைத்திருந்தார். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் முன்வரிசையில் நஸ்ரின்.

“பாய்!”

“எம்பொண்ணு மாஸ்டர்.”

“தெரியும். பரிசளிப்பு மெட்டு. ஒத்திகையில வாசிச்ச அதே நடை.”

“அவ வரிசை கடைசி மாஸ்டர்.” அவர் குரல் உடைந்தது. “எல்லாரும் போனதுக்கு அப்புறம்தான் அவ.”

“ஆமா பாய்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். தடுக்க எவனுக்கு உரிமை இருக்கிறது? ஆனால் மேடையிலிருந்து ஒரு தகப்பன் குதித்துப் பிள்ளையை அள்ளுவதை அங்கிருந்த ஒவ்வொரு தகப்பனும் பார்த்திருப்பான். அது அவருக்கும் தெரிந்தது. கீழே வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டார்.

முதல் ஸ்வரம் பிசிறியது. இரண்டாவது நின்றது. எட்டு பார் முடிவதற்குள், கடைசியில் உட்கார்ந்திருந்த பெரிய பிள்ளைகள் எழுந்து இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பழகிய கால்கள் தாமாகவே திரும்பின. டீச்சர் அவர்களை மேடைப் படிக்கு விடாமல் வாசலுக்குத் திருப்பினார். பின்னாலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது: “பிள்ளைங்க வராங்க! உங்க பிள்ளைதான் வருது! வழியை விடுங்க!” முன்னால் பாய்ந்த கூட்டம் கயிற்றுக்குப் பக்கத்தில் தயங்கியது. தன் பிள்ளை வரிசையில் நடப்பதைக் கண்ணால் பார்க்கிற தாய் எதற்காக உள்ளே பாய வேண்டும்? சில பேர் பாயத்தான் செய்தார்கள். பக்கத்திலிருந்தவர்களே பிடித்து நிறுத்தினார்கள்.

அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை.

பேண்டுக்காரர்களிடம், “யாரும் எழுந்திரிக்காதீங்க” என்று மட்டும் சொன்னேன். பரிசளிப்பில் உட்காருவது போலவே வாத்தியத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். படுதாவின் சூடு பிடரியில் அடித்தது. கொட்டகையின் மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. சோலோவின் தாள்கள் ஸ்டாண்டிலிருந்து பறந்து போயின. அந்த மனிதர்கள் அசையவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கர்வமாக இருக்கிறது.

பாதி வரிசைகள் போயிருக்கும். பாய்க்கு வேகம் ஏறத் தொடங்கியது. அவருக்கே தெரியவில்லை. மெட்டு முந்தியது, பாதையில் பிள்ளைகளின் கால்களும் முந்தின. ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். அவள்மேல் இன்னொருத்தி. ஓடிப் போய் பாயின் முகத்துக்கு நேராக நின்று கையால் பழைய நடையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாய், நடை, நடை” என்று கெஞ்சினேன். பாஸ் டிரம்காரர் சட்டென்று புரிந்துகொண்டு, குச்சியை விட்டுவிட்டு விரல்நுனியால் தோலில் தட்டினார். மெட்டு மெல்ல அதன்மேல் வந்து உட்கார்ந்தது. விழுந்தவர்களை டீச்சர் தூக்கி நிறுத்தினார். வரிசை நகர்ந்தது.

காற்று திரும்பியது அப்போதுதான். புகை மேடைமேல் கவிழ்ந்தது. நஸ்ரின் இருமினாள். முழங்காலிட்டு எழுந்து, “அத்தா!” என்று கூப்பிட்டாள். பக்கத்துப் பிள்ளைகளும் எழப் பார்த்தார்கள். ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற அந்த ஒரு மூச்சு நேரத்தில், கார்னெட்டை உதட்டிலிருந்து எடுக்காமலே, பாய் இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினார். உட்காரு. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணில் நீர் வழிந்தது. புகை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

கடைசியாக முன்வரிசைக்கு வாசித்தார். பிள்ளைகள் எழுந்து திரும்பினார்கள். நஸ்ரின் மட்டும் மேடைப் படியைப் பார்த்து நின்றாள். கப்பு அங்கேதானே கொடுப்பார்கள்! “இந்தப் பக்கம் கண்ணு, இந்தப் பக்கம்” என்று டீச்சர் கூப்பிட்டார். அவள் அத்தாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகும் பாய் நிறுத்தவில்லை. எட்டு பாரையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் கார்னெட்டை இறக்கினார். நாங்கள் இறங்கி வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மேடையின் படுதா பிடித்துக்கொண்டது. பெற்றோர்களும் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே நடந்து வெளியேறியிருந்தார்கள். தொழிற்சாலைத் தீயணைப்பு வண்டி பெரிய வாசல் வழியாக வந்து அணைத்தது. பந்தலில் பாதி போயிற்று. முழங்கால் சிராய்ப்புகளைத் தவிர ஒரு உயிருக்கும் சேதமில்லை.

அதனால்தான் சொல்கிறேன். சோலோவைத் தேர்ந்தெடுப்பது சுகமான வேலை, எல்லோரும் யோசனை சொல்வார்கள். சின்ன மெட்டுகளை உங்கள் தலையில் விட்டுவிடுவார்கள். எழ, நடக்க, நிற்க, உட்காரச் சொல்கிற மெட்டுகள் அவை. அவற்றைச் சோலோ மாதிரியே தேர்ந்தெடுங்கள், உங்கள் ஆட்களில் நடை பிசகாத ஆளிடம் கொடுங்கள். அந்த ஆளிடம் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வெளியே ரோட்டோரத்தில் ஒன்றாம் வகுப்பு வரிசை கலையாமல் நின்றிருந்தது. பாய் போய் மகளுக்கு முன்னால் மண்டியிட்டார். உதடு வீங்கியிருந்தது, பேச்சு வரவில்லை. அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரியான கோபம்.

“எல்லாருக்கும் வாசிச்சீங்க. எனக்கு மட்டும் ஏன் அத்தா கடைசியா வாசிச்சீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கேள்வி என்னைக் கேட்க வேண்டியது.

பாய் அவள் முகத்தில் இருந்த கரியைத் துடைத்துவிட்டார். வார்த்தைகளை ஒவ்வொன்றாக அந்த உதட்டிலிருந்து எடுத்தார்.

“நீ முன்னாடியே போயிருந்தீன்னா, அத்தாவும் உன் பின்னாடியே வந்திருப்பேம்மா.”